வேலூர் மொட்டை மாடியில் புகை மீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெல்லட் கிரில் இருக்கிறது. அதில் மீன் துண்டுகளைப் புகையில் வேகவைப்பது தெரிந்ததிலிருந்து உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கடற்கரையிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தள்ளி, கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. இங்கே புகை போடுவது சுலபம். அதற்கு முன்னும் பின்னும் மீனைக் குளிர்ச்சியில் வைத்திருப்பதில்தான் பாடு இருக்கிறது.

பெல்லட் கிரில் எப்படி வேலை செய்கிறது?

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளை. குறுக்களவு சுமார் 6 மில்லிமீட்டர். கிரில்லின் பக்கவாட்டுத் தொட்டியில் அதைக் கொட்டி வைக்கிறோம். மோட்டாரில் சுழலும் திருகு ஒன்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் உள்ள நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. ஒரு சூட்டுக் கம்பி பற்றவைக்கிறது, மின்விசிறி காற்றூதுகிறது. நாம் வைத்த வெப்பநிலைக்கு ஏற்ப எவ்வளவு பெல்லட் போக வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவி பார்த்துக்கொள்கிறது. நெருப்புக்கும் மீனுக்கும் நடுவே இரும்புத் தகடு இருப்பதால் தணல் நேராக மீனில் படாது. 1980களின் நடுவில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் உருவாக்கியது இது. வீட்டைச் சூடாக்க அங்கே பயன்பட்ட பெல்லட் கணப்பிலிருந்து பிறந்த யோசனை.

நெருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டாம் என்பதுதான் இதன் வசதி. கரி அடுப்பை விசிறி வளர்ந்தவர்களுக்கு இது சமையலாகவே தோன்றாமல் போகலாம். அந்தக் குறையை நான் மறுக்கவில்லை.

புகை மீன் நம் பழக்கத்தில் உண்டா?

மாசிக் கருவாடு தெரியுமல்லவா? சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் கட்டையாகக் காயவைத்தது. மாலத்தீவு, லட்சத்தீவுப் பக்கத்திலிருந்து தென் தமிழ்நாட்டுச் சமையலறைக்கு வந்து நிலைத்துவிட்ட பொருள். வட ஆர்க்காட்டுப் பக்கம் வெறும் உப்புக் கருவாடுதான் அதிகம். ஆனால் கிரில்லில் நாம் செய்வது இந்த இரண்டும் அல்ல. உள்ளே ஈரம் நிற்கும்படி வேகவைத்த மீன் இது. கருவாட்டைப் போல டப்பாவில் போட்டு மேல் தட்டில் வைத்துவிட முடியாது. இதை மறந்தால் வயிற்றுக்கு ஆபத்து.

எந்த மீன் வாங்குவது?

வஞ்சிரம்தான் என் முதல் தேர்வு. சதை கெட்டி, நடுமுள் தவிர வேறு முள் தொல்லை குறைவு, வட்டத் துண்டாக வெட்டினாலும் குலையாது. கொடுவாவில் கொழுப்பு சற்று அதிகம் என்பதால் நேரம் கொஞ்சம் தவறினாலும் மன்னித்துவிடும். பாறை நன்றாகவே வரும். சூரை சீக்கிரம் வறண்டுவிடும். புதியவர்கள் அதில் தொடங்க வேண்டாம்.

காவேரிப்பாக்கம் ஏரி மீனோ சாத்தனூர் அணை மீனோ ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். பெரிய கட்லாவின் வயிற்றுப் பக்கத் துண்டு புகைக்கு ஏற்றதுதான். ஆனால் கட்லாவிலும் ரோகுவிலும் சதைக்குள் கவட்டை முள் ஒளிந்திருக்கும். மெதுவாக வெந்த மீனைப் பிட்டுப் பிட்டு உண்ணும்போது அது பெரிய இடைஞ்சல். ஏரி மீனில் சில சமயம் மண் வாசம் இருக்கும். நீரில் வளரும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருள் சதையில் சேருவதே காரணம். புகை அதை மறைக்கும் என்று நம்பாதீர்கள், மண்ணும் புகையும் சேர்ந்தே வாயில் தெரியும். விராலைக் குழம்புக்கே விட்டுவிடலாம். அந்த விலைக்கும் அந்தச் சுவைக்கும் கிரில் நியாயம் செய்யாது.

துண்டு எவ்வளவு கனம் இருக்க வேண்டும்?

ஒரு அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். இதை வாங்கி வருவது அவ்வளவு எளிதல்ல. மார்க்கெட்டில் மீன் வெட்டுபவர் கேட்கும் முதல் கேள்வியே, “குழம்புக்கா, வறுவலுக்கா?” என்பதுதான். இரண்டுக்குமே அவர் கை அரை அங்குலத்துக்குப் பழகியது. “அண்ணே, ஒரு அங்குலக் கனம் வேண்டும்” என்று சொன்னால் தலையாட்டுவார், முதல் துண்டு பழைய அளவிலேயே விழும். அங்கேயே நிறுத்திக் காட்டுங்கள். இரண்டாவது துண்டு சரியாக வரும். அந்த மெல்லிய முதல் துண்டு இரவு வறுவலுக்கு ஆகட்டும்.

தோலை உரிக்கச் சொல்லாதீர்கள், அதுதான் துண்டைப் பிடித்து வைத்திருக்கிறது. வயிற்றுப் பக்கம் தொங்கும் இரண்டு மெல்லிய மடல்களை உள்ளே மடித்துப் பல் குத்தும் குச்சியால் குத்திவிட்டால் அவை முந்திக்கொண்டு காய்ந்துபோகாது.

மீன் புதிதா என்று பார்த்தால் போதாதா, ஐஸ் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்?

வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் புகை போட்டாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், முகம் சிவக்கும், தலை வலிக்கும், தோல் அரிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நினைப்பது இதைத்தான். உண்மையில் ஒத்துக்கொள்ளாதது மீன் பயணம் செய்த விதம். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நமக்கு வரும் கடல் மீன் ஐஸ் பெட்டியில் இரவெல்லாம் லாரியில் வந்தது. அதுவரை சரிதான். ஆனால் காலை பத்து மணிக்கு வெயிலில் நான்கு கடை ஏறி இறங்கி, மீன் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு காய்கறியும் வாங்கிவிட்டு வீடு சேர்ந்தால் அந்த இரவுப் பயணத்தின் காவல் முழுவதும் வீணாகிவிடும். விடியற்காலையில் போங்கள். வெட்டி அடுக்கி வைத்த துண்டுகளை வாங்காமல், செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் உள்ள முழு மீனைக் காட்டி வெட்டச் சொல்லுங்கள். கையில் ஒரு சிறு தெர்மாகோல் பெட்டி இருக்கட்டும், ஐஸைக் கடைக்காரரே போட்டுத் தருவார். மீன் வாங்குவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது வஞ்சிரத்தின் விலையைக் கேட்டால் ஆசை அடங்கிவிடும். கிடைப்பதில் மேற்குக் கரைச் சரக்கும் இருக்கும், பழைய உறைபனிச் சரக்கும் இருக்கும். நம் கத்திரி வெயிலும் அதே நாட்களில்தான் வருகிறது. எனவே அந்த மாதங்களில் நான் கிரில்லை மூடி வைத்துவிடுகிறேன். புரட்டாசியில் பாதி ஊர் அசைவம் தொடாததால் மீன் விலை இறங்கும். நோன்பு இல்லாத வீடுகளுக்கு அதுவே நல்ல காலம்.

உப்பு எவ்வளவு, எவ்வளவு நேரம்?

ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 60 கிராம் உப்பு, 40 கிராம் வெல்லம். ஒரு அங்குலத் துண்டுகள் இதில் ஒன்றரை மணி நேரம் மூழ்கியிருக்க வேண்டும், குளிர்சாதனப் பெட்டிக்குள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. தராசில் நிறுத்துப் போடுங்கள். வெல்லம் கரைந்ததும் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் தூசியும் மணலும் துண்டில் ஒட்டும். உப்பு சதைக்குள் போய் நீரைப் பிடித்து வைப்பதால் மீன் வறளாது. வெல்லம் உப்பின் கரிப்பைத் தணிக்கிறது, மேல்புறத்துக்கு நல்ல நிறமும் தருகிறது.

இரவெல்லாம் ஊறவிடலாமா என்றால், இந்த அளவு உப்பில் கூடாது. காலையில் அது கருவாட்டுக்குப் பாதி வழி போயிருக்கும்.

மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவலாமா?

புகை போடும் முன் வேண்டாம். ஈர மசாலா சதையின் மேல் போர்வையாகக் கிடந்தால் புகை போர்வையில்தான் ஏறும், மீனில் ஏறாது. காரம் இல்லாமல் இறங்காது என்பவர்கள் உலர்த்திய துண்டின் மேல் இடித்த மிளகைத் தூவலாம். அல்லது நல்லெண்ணெயில் மிளகாய்த்தூள் குழைத்துக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மேலே பூசலாம். எலுமிச்சைச் சாறு தட்டுக்கு வந்த பிறகு.

ஊறவைத்ததும் நேராகக் கிரில்லில் வைக்கக் கூடாதா?

கூடாது. பலரும் தாண்டிப் போகும் படி இதுதான், மீனைக் கெடுப்பதும் இதுதான். ஊறிய துண்டுகளை நீரில் ஒருமுறை அலசி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, கம்பித் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மூடாமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வையுங்கள். உப்பு இழுத்து வந்த புரதம் மேற்பரப்பில் காய்ந்து ஒரு மெல்லிய பளபளப்பான ஏடு படியும். விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டக் கூடாது. ஆனால் நாக்கில் நனைத்த தபால்தலையின் பின்புறம்போல லேசாகப் பிடிக்க வேண்டும். புகை அந்த ஏட்டில்தான் சீராக அமரும். ஈரமாகவே வைத்தால் புகைத்துளிகள் நீரோடு வழிந்து திட்டுத் திட்டாகக் கறை படியும், கசப்பும் வரும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் மின்விசிறிக் காற்றில் அறையிலேயே உலர்த்தச் சொல்வார்கள். அவர்கள் அறை 18 டிகிரி. நம் அறை 34 டிகிரி, கூடவே ஈக்கள். அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றாதீர்கள். வீட்டில் பால், தயிர் எல்லாம் மீன் வாடை அடிக்கும் என்று சண்டை வரும். அதற்காக நான் கீழ்த்தட்டு முழுவதையும் காலி செய்து, பாலை மூடிய பாத்திரத்தில் மேலே ஏற்றிவிடுகிறேன். சண்டை பாதியாகக் குறைந்தது.

எந்த மரத்தின் பெல்லட் நல்லது?

ஆப்பிள், செர்ரி போன்ற பழமரங்களின் பெல்லட் மீனுக்கு மென்மையாக இருக்கும். அமெரிக்காவின் வடமேற்கில் சால்மன் மீனுக்கு ஆல்டர் மரத்தைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஹிக்கரி சற்று முரடு. மெஸ்கீட் என்று ஒன்று விற்கும், அது நம் ஏரிக்கரையெல்லாம் பிடித்திருக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய இனம். ஆட்டுக்கறிக்கு அந்தப் புகை தாங்கும். வஞ்சிரத்தை அது அடித்துப் போட்டுவிடும்.

உள்ளூர் மரம் போட ஆசைப்பட்டால், பட்டை உரித்து நன்றாகக் காய்ந்த கொய்யா மரச் சிராய் என் பரிந்துரை. ஆனால் விறகையோ சிராயையோ பெல்லட் தொட்டியில் கொட்டக் கூடாது, திருகு சிக்கிக்கொள்ளும். துளையிட்ட எஃகுப் புகைக்குழாய் ஒன்றில் நிரப்பி, ஒரு முனையைப் பற்றவைத்து, மீனுக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். வேப்பமரம் கசக்கும். அரளி, எட்டி ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள், நஞ்சு. தச்சுப் பட்டறைத் தூளும் வேண்டாம். அதில் ஒட்டுப்பலகைப் பசையும் வார்னிஷும் கலந்திருக்கும்.

கொதிகலனுக்கு விற்கும் பெல்லட் விலை குறைவாக இருக்கிறதே?

அது தொழிற்சாலை அடுப்புக்கானது. மரத்தூளோடு கடலைத்தோலோ வேறு வேளாண் கழிவோ சேர்ந்திருக்கும், என்ன மரம் என்ற கணக்கும் இல்லை. புகை உணவில் ஏறப்போகிறது. சமையலுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். குறைந்த சூட்டில் மணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோதான் செலவாகும். அதில் மிச்சம் பிடிப்பது பெரிய சேமிப்பு அல்ல.

எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

பற்றவைத்ததும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும். மீனை அப்போதே வைத்துவிடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் புகை மெலிந்து நீல நிறம் காட்டிய பின்தான் மீனுக்கு வேளை. முதல் ஒரு மணி நேரம் 80 முதல் 90 டிகிரி. பிறகு 110 டிகிரிக்கு ஏற்றுங்கள். துண்டின் நடுவில், முள்ளைத் தொடாமல் குத்திய தெர்மாமீட்டர் 63 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். வால் பக்கத் துண்டுகள் முந்திக்கொள்ளும், அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பது வேண்டாத வேலை. திருப்பிப் போடவும் தேவையில்லை.

துண்டின் மேல் வெள்ளையாகக் கசிகிறதே, கெட்டுவிட்டதா?

இல்லை. சதைக்குள் இருக்கும் புரதம் பிதுங்கி வெளியே வந்து உறைந்தது. சூடு சட்டென்று ஏறியதன் அடையாளம். துணியால் துடைத்துவிட்டு அடுத்த முறை மெதுவாக ஏற்றுங்கள்.

புகை வாசம் போதவில்லையே?

பெல்லட் கிரில்லின் இயல்பே மென்புகைதான். எரிப்பு சுத்தமாக இருப்பதால் புகை குறைவு. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. வெயிலில் சுட்டுக் கிடக்கும் இரும்புப் பெட்டிக்கு 80 டிகிரியை எட்ட அதிக பெல்லட் தேவைப்படாது. பெல்லட் குறைந்தால் புகையும் குறையும். மாலை ஐந்து மணிக்கு மேல், நிழலில் வைத்துத் தொடங்குங்கள். மீன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராகக் கிரில்லுக்குப் போகட்டும். குளிர்ந்த மேற்பரப்பில் புகை நன்றாகப் படியும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் முன்பு சொன்ன புகைக்குழாய்.

நடுவில் கரண்ட் போனால்?

திருகும் விசிறியும் நின்றுவிடும். பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் 200 முதல் 300 வாட் வரை இழுக்கும். பிறகு ஒரு குண்டு பல்பு அளவுதான். வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பு மாடிக்கு இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால், மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் பாருங்கள். கரண்ட் வரவில்லை என்றால் மீனை எடுத்துத் தோசைக்கல்லிலோ ஓவனிலோ வேகவைத்து முடியுங்கள். பாதி வெந்த மீன் வெதுவெதுப்பில் காத்திருப்பது நல்லதல்ல. கரண்ட் வந்ததும் அவசரமாகப் பொத்தானை அழுத்தாதீர்கள். கிரில் ஆறிய பின் கிண்ணத்தில் குவிந்த பெல்லட்டைக் கொட்டிவிட்டுத் தொடங்க வேண்டும், இல்லையேல் மொத்தமாகப் பற்றிக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து மகனோ மருமகளோ கொண்டுவந்த கிரில் என்றால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்க மாடல் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் சொருகினால் கதை முடிந்தது. மின்மாற்றி வைத்தாலும் சில மாடல்களில் திருகு மோட்டார் அங்குள்ள 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்றது, இங்கே 50 ஹெர்ட்ஸில் சற்று மெதுவாகச் சுழலும். சூடு ஏறத் தாமதமாவதற்கு அதுவும் காரணமாகலாம்.

மழைக்காலத்தில் பெல்லட் உப்பிப் போகிறதே?

ஈரம் பட்ட பெல்லட் மீண்டும் மரத்தூளாகிவிடும். அது திருகுக்குள் இறுகினால் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொட்டியில் மிச்சம் விடாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள டிரம்மில் கொட்டி வீட்டுக்குள் வையுங்கள்.

மூடிய பால்கனியில் வைக்கலாமா?

வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய இடத்தில் உயிரையே எடுக்கும். திறந்த மாடி மட்டுமே, துணி காயும் கொடியிலிருந்து தள்ளி. எதிர்வீட்டில் துணி காயப்போடும் நேரத்தையும் தெரிந்துகொள்வது நல்லது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

செய்த அன்றே சாப்பிட்டால் சிறப்பு. கிரில்லிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும், வெயில் கடுமையான நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள். 4 டிகிரிக்குக் கீழே மூன்று நான்கு நாள் தாங்கும். காற்று நீக்கிய உறையில் அடைத்துச் சாதாரணத் தட்டில் வைக்காதீர்கள். காற்றில்லாத இடத்தில் பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவில் ஒரு வகை குளிர்சாதனப் பெட்டிக் குளிரிலும் வளரும். உறையில் அடைத்தால் உறைபனிப் பகுதியில்தான் வைக்க வேண்டும்.

தினமும் சாப்பிடலாமா?

வேண்டாம். உப்பு உண்டு, புகையில் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய சில சேர்மங்களும் உண்டு. நேரடித் தணலைவிட இந்த முறையில் அவை குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. இரத்த அழுத்தக்காரர்கள் ஒரு துண்டோடு நிறுத்துங்கள். வஞ்சிரம் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்வதால் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எதோடு சாப்பிடுவது?

கேழ்வரகுக் களிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால், நம் முள்ளுக் கத்திரிக்காயில் கருவாட்டுக் குழம்பு வைப்பதுபோலவே புளிக்குழம்பு வைத்து, அடுப்பை அணைக்கும் முன் புகை மீனைப் பெரிய துண்டுகளாகப் பிட்டுப் போட்டு ஒரே ஒரு கொதி விடுங்கள். மீன் ஏற்கெனவே வெந்தது, குழம்போடு கொதித்தால் நாராகிவிடும். குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள். மறுநாள் மிஞ்சியதை உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவலோடு புட்டாக்கலாம். பிரியாணியில் போடலாமா என்று ஆம்பூரில் இருக்கும் மைத்துனர் கேட்டார். பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இதற்காகவே கிரில் வாங்கலாமா?

மீனுக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள், விலைக்குக் கட்டுப்படியாகாது. மூடியுள்ள கரி அடுப்பில் தணலை ஒரு ஓரத்தில் ஒதுக்கி, மறு ஓரத்தில் மீனை வைத்து, மூடியை மூடினாலும் இதே மீன் கிடைக்கும். சூட்டை மட்டும் நீங்களே காவல் காக்க வேண்டும். கோழியும் ஆட்டுக்கறியும் சேர்த்துச் செய்கிற வீடு என்றால் யோசிக்கலாம். அப்படி வாங்கினால், மீன் செய்த ஒவ்வொரு முறையும் எண்ணெய் வடியும் தகட்டின் அலுமினியத் தாளை மாற்றி, கம்பிகளைச் சூட்டோடு தேய்த்துவிடுங்கள். விட்டால் அடுத்த வாரக் கோழி வஞ்சிரமாக மணக்கும். வடிந்த எண்ணெய் தீப்பிடிக்கவும் கூடும். பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; மூடியை மூடி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.